ஏற்றத்துக்கு ஒரு துணை

மலைநாட்டில் சைக்கிள் வைத்திருப்பவரைப் பற்றி ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பாதி வழி வண்டி அவரைச் சுமக்கும். மீதி வழி அவர் வண்டியைச் சுமப்பார் என்பர். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வாழும் அன்பர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்காது. அங்கே பூமி தட்டை; காற்று எதிர்த்தாலன்றிக் கால் நோவதில்லை. அவர்கள் ஒரு முறை அக்குறணைக்கு வந்து பார்க்க வேண்டும். கண்டி–யாழ்ப்பாணப் பெருவீதி பிங்கா ஓயாவின் பள்ளத்தாக்கை அடுத்து ஓரளவு சமமாகவே செல்கிறது. ஆனால் அவ்வீதியினின்றும் பிரிந்து செல்லும் ஒழுங்கைகளில் சில்லை வைத்தவுடனே மலை தன் சுயரூபத்தைக் காட்டிவிடும்.

சில வாரங்களுக்கு முன் இப்பகுதியில் கிணற்றுப் பம்பியைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த மாணவர் சிலர், அத்தகைய மின்மோட்டார் ஒன்றைச் சைக்கிளில் பூட்ட இயலுமா என வினவியுள்ளனர். இயலும் என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடலாம். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எமக்கு ஓர் அநுபவம் இருக்கிறது. அதில் மகிழத் தக்கதும் உண்டு. வெட்கப்படத் தக்கதும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுவதே முறை.

ஒரு தந்தையும் ஒரு மேடும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை இந்நாட்டில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசை, பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன, பெற்றோலுக்குக் குறியீட்டுச் சீட்டு முறை வந்தது. மூலையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் அப்போதுதான் மீண்டும் வெளிச்சத்தைக் கண்டன. எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தையும் அவ்வாறே சைக்கிளுக்குத் திரும்பியவர். அவர் மரக்கறி வியாபாரி. வாடகை ஓட்டோவிற் சரக்கேற்றி விற்றுவந்தவர், அந்நாட்களிற் சைக்கிளின் பின்னால் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி இறங்கினார். நெருக்கடி தணிந்த பின்னும் அவர் ஓட்டோவுக்குத் திரும்பவில்லை. கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்றார்.

ஈராண்டுகளுக்குப் பின் ஒரு நாள் மேட்டில் வண்டியைத் தள்ளிச் செல்கையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. வைத்தியர் பரிசோதித்துவிட்டு, மெதுவாக நடக்கலாம், சமதரையிற் சைக்கிள் மிதிக்கலாம், ஆனால் பாரத்தோடு மேடு ஏறுவது இனி ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்குறணையில் மேடு ஏறாத மரக்கறி வியாபாரி யாது செய்வார்?

உயர்தரத் தொழினுட்பப் பிரிவிற் பயிலும் அவருடைய மகன் எம்மிடம் வந்தான். "சேர், சைக்கிளுக்கு மோட்டார் பூட்ட வேணும். ஆயிரம் வாற்று போதுமா?" என்று கேட்டான். பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு அக்கேள்வியிலே அவனுடைய கவலையும் தெரிந்தது. அவனுடைய அவசரமும் தெரிந்தது. "எவ்வளவு வேண்டும் என்பதை மேட்டிடமே கேட்போம்" என்றோம்.

மேடு சொன்ன கணக்கு

மறுநாள் மேசன் ஒருவரிடம் நீர்மட்டக் குழாயை இரவல் வாங்கிக்கொண்டு அவன் ஒழுங்கையை அளந்து வந்தான். மிகச் செங்குத்தான பகுதியில் 12 மீற்றர் முன்சென்றால் 1 மீற்றர் உயர வேண்டியிருந்தது. அடியிலிருந்து உச்சிவரை மொத்த உயரம் 60 மீற்றர்.

இனிக் கணக்கு எளிது. தந்தையின் எடை 62 கிலோகிராம். மோட்டாரும் மின்கலமும் சேர்ந்த வண்டி 28. சரக்கு 30. ஆக 120 கிலோகிராம். இதனைப் பூமி இழுக்கும் விசை ஏறத்தாழ 1,176 நியூற்றன். விரைந்து நடப்பவரின் வேகத்திற்குச் சற்றுக் கூடுதலாக, செக்கனுக்கு 2 மீற்றர் என்ற வேகத்தில் ஏறினாற் போதும் என வைத்துக்கொண்டோம். அப்போது வண்டி ஒவ்வொரு செக்கனிலும் ஆறில் ஒரு மீற்றர் உயர்கிறது. 1,176ஐ 6ஆற் பிரித்தால் 196 வாற்று. ரயர் உருள்வதில் ஏற்படும் நட்டத்துக்கு 25 வாற்றைக் கூட்டினால் 220 வாற்று அளவில் வருகிறது.

பயிற்சியற்ற மனிதர் ஒருவர் இளைப்பின்றித் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 75 வாற்று அளவே. ஆகவேதான் இம்மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளுகின்றனர். நோயுற்ற தந்தை 40 வாற்று மாத்திரம் கொடுத்தாற் போதும் எனக் கொண்டால், மிகுதி 180 வாற்றை மோட்டார் கொடுக்க வேண்டும். சங்கிலியிற் போகும் நட்டத்தையும் சேர்த்து 200. ஆகவே 250 வாற்று மோட்டாரே தாராளம். ஒரு குதிரைவலு 746 வாற்று. நாம் கேட்பது குதிரையின் மூன்றில் ஒரு பங்கைத்தான்.

பையனின் முகம் சற்று வாடிற்று. ஆயிரம் வாற்றுக் கனவு 250 ஆகச் சுருங்கிவிட்டதன்றோ? ஆனால் பெரிய மோட்டாருக்குப் பெரிய மின்கலம் வேண்டும். பெரிய மின்கலத்துக்குப் பெரிய செலவு வேண்டும். அவ்வேகத்தைத் தாங்குமாறு சைக்கிளின் பிறேக்கும் சட்டமும் செய்யப்பட்டவையல்ல. ஐரோப்பிய நாடுகளில் மிதிப்புக்குத் துணைசெய்யும் சைக்கிள் மோட்டாருக்கு 250 வாற்று, மணிக்கு 25 கிலோமீற்றர் என எல்லை வகுத்திருக்கின்றனர். இந்தியாவிலும் அவ்வெல்லைக்குட்பட்டதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. எல்லையைக் கடந்தால் அது சைக்கிளன்று, வேறொரு வாகனம். எமது நாட்டில் இத்தகைய வண்டியை வீதிக்கு இறக்க எண்ணுபவர்கள், வேலையைத் தொடங்குமுன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அப்போதைய விதியை விசாரித்தறிந்துகொள்வது கடமை.

மோட்டாரை எங்கே வைப்பது?

மின்மோட்டாரைச் சைக்கிளில் இரண்டு விதமாகப் பூட்டலாம். சில்லின் நடுக்குடத்துக்குள்ளேயே வைப்பது ஒன்று. பெடல் அச்சோடு சேர்த்து வண்டியின் நடுவில் வைப்பது மற்றொன்று. இவ்விரு எண்ணங்களும் புதியனவல்ல. அமெரிக்காவில் ஒக்டன் போல்ற்றன் என்பவர் 1895ஆம் ஆண்டிலேயே பின்சில்லுக்குள் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஹொசியா லிபி, 1897இல் பெடல் அச்சிலே மோட்டாரை அமைத்துக் காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலத்து ஈய மின்கலங்களின் பாரம் இவ்வெண்ணங்களை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் உறங்க வைத்துவிட்டது. 1991இல் லிதியம் அயன் மின்கலம் விற்பனைக்கு வந்தது. 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், மிதிப்பவரின் பலத்தை உணர்ந்து அதற்கேற்பத் துணைசெய்யும் சைக்கிளை வெளியிட்டது. லிதியம் மின்கலத்தை உருவாக்கிய குடினஃப், விற்றிங்ஹாம், யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தது.

நிற்க. எமது மேட்டுக்கு எது பொருத்தம்? கடுகண்ணாவைக் கணவாயில் பஸ் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சாரதி எஞ்சினைத் திணறவிடுவதில்லை. முதற் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ இறங்கிவிடுகிறார். எஞ்சின் தன் இயல்பான வேகத்திற் சுழல, சில்லு மாத்திரம் மெதுவாகச் சுழல்கிறது. மின்மோட்டாரும் இவ்வாறே தனக்குரிய வேகத்திற் சுழன்றாற்றான் உண்ட மின்சாரத்துக்கு ஒழுங்காக வேலைசெய்யும். சில்லுக்குள் இருக்கும் மோட்டார் சில்லின் வேகத்திற்கு அடிமை. மேட்டில் சில்லு மெதுவாகும்போது மோட்டாரும் மெதுவாகி, உண்ட மின்சாரத்தின் பெரும்பகுதியை வெறும் வெப்பமாக்கிவிடும். நீண்ட மேட்டில் அதன் கம்பிச்சுருள் கருகுவதும் உண்டு. நடுவில் உள்ள மோட்டாரோ பெடலைச் சுழற்றுகிறது. பெடலுக்கும் சில்லுக்கும் இடையில் சைக்கிளின் கியர்கள் இருக்கின்றன. ஆகையால், பஸ் சாரதிக்குக் கிடைத்த வசதி சைக்கிளோட்டிக்கும் கிடைக்கிறது. சமதரைக்கு எந்த மோட்டாரும் பொருந்தும். கண்டிச் சீமைக்கு நடு மோட்டாரே பொருந்தும்.

பல்லும் பல்லும்

நாம் வாங்கியது 24 வோல்ற்று, 250 வாற்று மோட்டார். அது நிமிடத்துக்கு 3,000 தடவை சுழலும். அதனோடு இணைந்த பற்சில்லுப் பெட்டி அதனைப் பத்தில் ஒன்றாக, 300 ஆகக் குறைக்கிறது. மனிதர் இயல்பாக மிதிப்பது நிமிடத்துக்கு 60 சுற்று அளவில். ஆகவே 300ஐ 60 ஆக்க வேண்டும். மோட்டாரின் வெளிப்பற்சில்லில் 9 பற்கள். பெடல் அச்சில் நாம் பூட்டிய வெளிவளையத்தில் 44 பற்கள். 300ஐ 9ஆற் பெருக்கி 44ஆற் பிரித்தால் 61. மனிதரும் மோட்டாரும் ஒரே தாளத்தில் இயங்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பெடல் அச்சின் உள்வளையத்தில் 28 பற்கள். அதிலிருந்து வழக்கமான சங்கிலி பின்சில்லுக்குச் செல்கிறது. பின்சில்லில் 14 முதல் 28 பற்கள் வரை ஏழு பற்சில்லுகள். 28 பல்லிற் சங்கிலியைப் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லும் ஒரு சுற்று. வேகம் மணிக்கு 7 கிலோமீற்றருக்குச் சற்று மேல். இது மேட்டுக்கு. 14 பல்லிற் போட்டால் மணிக்கு 15 கிலோமீற்றர். இது வீதிக்கு. தக்காளி நசுங்காமல் வீடு சேர இதற்கு மேல் வேகம் வேண்டியதில்லை.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மோட்டார் சுழலும்போது தந்தை மிதிப்பதை நிறுத்தினால் யாது நிகழும்? பெடல் அச்சு சுழல, பெடல்கள் அவருடைய முழங்காலைத் தாக்கும். இதற்காகக் கிராங்கில் ஒரு பிறீவீல் வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு மிதிக்கும்போது அவர் மோட்டாரையும் சேர்த்துச் சுழற்றிக் களைக்கக் கூடாது. இதற்காக மோட்டாரின் பற்சில்லில் ஒரு பிறீவீல் வேண்டும். பின்சில்லில் ஏற்கெனவே ஒன்று உண்டு. ஆக மூன்று. வீட்டிற் செய்யும் நடு மோட்டார் வண்டிகள் பலவும் இந்த இடத்திலேதான் தடுமாறுகின்றன. கிராங்குக்கான பிறீவீல் எமக்கு எளிதிற் கிடைக்கவில்லை. ஆறு வாரம் காத்திருந்து பெற்றோம்.

மோட்டாரைத் தாங்கும் தகட்டைச் செய்து தந்தவர் எமக்கு அறிமுகமான ஒட்டுவேலைக்காரர் ஒருவர்; ஊரார் நானா என்றே அழைப்பர். 3 மில்லிமீற்றர்த் தகடு போதும் என்பது எமது தீர்ப்பு. நானா தலையை ஆட்டினார். "மாஸ்டர், மோட்டார் செயினை மட்டுமா இழுக்கும்? இந்தத் தகட்டையும் தானே இழுக்கும்" என்றார். நாம் கேட்கவில்லை. முதல் ஓட்டத்திலேயே தகடு வளைந்து, சங்கிலி கழன்று வீழ்ந்தது. பின்னர் அமர்ந்து கணக்கிட்டோம். 250 வாற்று, நிமிடத்துக்கு 60 சுற்று என்றால், முறுக்கு விசை 40 நியூற்றன்-மீற்றர். 24 கிலோகிராம் பாரத்தை இடைவிடாது பெடலின் முனையில் ஏற்றிவைத்ததற்கு அது சமம். அது முழுவதையும் ஒரு சிறு தகடு தாங்க வேண்டும். நானாவுக்கு இக்கணக்குத் தெரியாது. ஆனால் அவர் கைக்கு விடை தெரிந்திருந்தது. 5 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டில் மறுபடி செய்தார். அதைச் சட்டத்தோடு ஒட்டவும் அவர் இசையவில்லை. மெல்லிய குழாயிற் சூடு பட்டால் அவ்விடம் பலமிழந்து பிற்காலத்தில் வெடிக்கும் என்று சொல்லி, வளையங்களால் இறுக்கி மரையாணி பூட்டினார்.

நாம் கேளாத கேள்வி

இனி வெட்கத்துக்குரிய பகுதிக்கு வருவோம்.

மோட்டார், பற்சில்லு, தகடு ஆகியவற்றையெல்லாம் கணக்கிட்ட நாம், மின்கலத்தை மாணவனின் பொறுப்பில் விட்டிருந்தோம். பணம் குறைவாக இருந்தமையால் அவன் பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய லிதியம் அயன் கலங்களை மலிவாக வாங்கினான். அவற்றை ஏழு தொகுதிகளாகப் பிரித்து, தொடராக இணைத்துத் தானே ஒட்டினான். பாதுகாப்புச் சுற்று எதனையும் பூட்டவில்லை. அதுபற்றி நாம் கேட்கவுமில்லை. ஓர் இரவு அதனை அடுக்களைக்குப் பக்கத்திலிருந்த மேசையில் மின்னேற்ற வைத்துவிட்டு உறங்கிவிட்டான். இனிப்பும் காரமும் கலந்ததொரு மணம் தாயாரை எழுப்பியது. எழுந்து பார்த்தபோது பெட்டி கை வைக்க இயலாத சூட்டில் இருந்ததாம். ஆளியை நிறுத்தி, சாக்கினாற் பிடித்து முற்றத்து மணலிற் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். சற்று நேரம் புகைந்து அடங்கியது. வீட்டில் ஐந்து பேர் உறங்கிக்கொண்டிருந்தனர்.

மறுநாட்காலை செய்தி கேட்டு அங்கே சென்றோம். தாயார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கதிரை போட்டு, தேநீரும் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு வண்டி வேண்டாம் சேர். பிள்ளைகள் இருந்தாற் போதும்" என்றார். கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். ஏழு குடங்களை வரிசையாக வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நீர் வார்ப்பதாகக் கொள்ளுங்கள். குடங்கள் ஒத்த அளவினவாயின் எல்லாம் ஒருங்கே நிறையும். ஒன்று சிறியதாயின் மற்றவை நிறையுமுன் அது வழியும். தொடராக இணைத்த கலங்களும் அப்படியே. பழைய கலங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவுக்குத் தேய்ந்திருக்கும். லிதியம் அயன் கலம் 4.2 வோல்ற்றில் நிறைகிறது. பலவீனமான கலம் அவ்வெல்லையைக் கடந்த பின்னும் மின்னேற்றி தள்ளிக்கொண்டேயிருக்கும், அக்கலம் சூடேறும். சூடு ஓர் அளவைக் கடந்தால் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு தீயாகும். அத்தீயின் புகை நச்சுப் புகை. ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே கவனித்து, வேளையில் மின்னை வெட்டிவிடும் பாதுகாப்புச் சுற்று இருந்திருந்தால் இது நேர்ந்திராது. இவையெல்லாம் நாம் வகுப்பறையில் சொல்லக்கூடியவைதாம். சொல்ல வேண்டிய வேளையிற் சொல்லவில்லை. ஆசிரியன் என்பவன் விடை தெரிந்தவன் மாத்திரமல்லன்; மாணவன் கேளாத கேள்வியைத் தானே கேட்க வேண்டியவனுமாவான்.

அன்றோடு வேலையை நிறுத்திவிட்டோம். மூன்று வாரம் சென்றபின் தந்தையே எம் வீடு தேடி வந்தார். வண்டியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டியதாகவும், மோட்டார் ஏற்றிச் செல்ல அவர் இலேசாக மிதிப்பதானால் தடையில்லை என்று வைத்தியர் கூறியதாகவும் சொன்னார். "வீட்டில் அவளுக்குப் பயம் தெளிய ஒரு வழி சொல்லுங்கள் சேர்" என்றார்.

பயம் தெளிவிக்கும் வழி, பயத்துக்குக் காரணத்தை நீக்குவதுதான். இம்முறை பாதுகாப்புச் சுற்றோடு கூடிய புதிய லிதியம் இரும்பு பொஸ்பேற்று மின்கலவடுக்கொன்றை வாங்கினோம். இவ்வகைக் கலம் மற்றதைவிடச் சற்றுப் பாரமானது. ஆனால் எளிதிற் தீப்பற்றாது. கலமொன்று 3.2 வோல்ற்று; எட்டுச் சேர்ந்தால் 25.6 வோல்ற்று. 10 அம்பியர்-மணி கொள்ளளவு. ஆகவே அதனுள் அடங்கும் சத்தி 256 வாற்று-மணி. செலவில் ஒரு பங்கை நாமும் ஏற்றுக்கொண்டோம். அது தருமமன்று; கடன்.

மின்கலத்துக்கு மிக அருகிலே ஓர் உருகியைப் பூட்டினோம். முழுப் பாரத்தில் மோட்டார் 13, 14 அம்பியர் எடுக்கும். கட்டுப்படுத்தி 20 அம்பியருக்கு மேல் விடாது. ஆகவே 25 அம்பியர் உருகி. இரு பிறேக் பிடிகளிலும் சிற்றாளிகளைப் பொருத்தினோம். பிறேக்கைத் தொட்டவுடனே மோட்டாருக்குச் செல்லும் மின் அறுபடும். மின்னேற்றுவதற்குத் தாயார் தாமே விதிகளை வகுத்தார். வீட்டுக்கு வெளியே, சீமெந்துத் திண்ணையில், விழித்திருக்கும் வேளையில் மாத்திரமே ஏற்ற வேண்டும். அந்த மின்கலத்துக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். மழையில் நனைந்தால் காயுமுன் ஏற்றக் கூடாது. பாடநூலிற் சேர்க்கத் தக்க விதிகள் அவை.

ஒரு குடும்பத்தின் வரவு செலவு

60 மீற்றர் உயரமுள்ள அந்த மேட்டை ஒரு முறை ஏற மின்கலத்திலிருந்து 30 வாற்று-மணிக்குச் சற்றுக் குறைவாகவே செலவாகிறது. ஆகவே ஒரு நாளில் எட்டு முறை ஏறலாம். மின்கலத்தை முழுமையாக நிரப்ப, நட்டத்தையும் சேர்த்து, 0.3 அலகு மின்சாரம் போதும். ஆயிரம் வாற்று மின்னழுத்தியை 18 நிமிடம் பயன்படுத்துவதற்கு அது சமம். வெள்ளைச் சீருடைகள் மூன்று நான்கை அழுத்தும் மின்சாரத்தில் ஒரு குடும்பத்தின் வியாபாரம் ஒரு நாள் நடக்கிறது.

இறங்கும்போது அம்மின்சாரத்தைத் திரும்பப் பெறலாகாதா என்று மாணவர் கேட்பர். எமது வண்டியிற் பெற இயலாது. பிறீவீல்கள் சில்லின் சுழற்சியை மோட்டாருக்குச் செல்ல விடா. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. மோட்டாரும் டைனமோவும் ஒரே பொருளின் இரு முகங்களே. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் மின்கலமும் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுழற்றி, அதன் விளக்கு டைனமோவிலிருந்து வந்த மின்னைக் கொண்டு மக்கள் வானொலி கேட்டனர். அன்று சைக்கிள் மின்சாரம் கொடுத்தது. இன்று மின்சாரம் சைக்கிளுக்குக் கை கொடுக்கிறது. இரண்டும் முடைப்பட்ட காலத்திற் பிறந்த யோசனைகள்.

இறக்கத்தைப் பற்றி இன்னொன்று. ஏற்றத்துக்குத்தான் மோட்டார் துணை. இறக்கத்துக்குப் பிறேக்கே துணை. 120 கிலோகிராம் பாரம் இறங்கி வருகையிற் பழைய றப்பர்க் கட்டைகளை நம்பலாகாது. நாம் மோட்டாரைப் பூட்டுமுன் இரு சில்லுகளுக்கும் புதிய பிறேக்கைப் பூட்டினோம். கியர் மாற்றும்போது கைப்பிடியை ஒரு கணம் தளர்த்தி, மோட்டாரின் இழுவையை நிறுத்த வேண்டும். அன்றேற் சங்கிலி அறும். இரு கால்களுக்காகச் செய்யப்பட்ட சங்கிலியில் மோட்டாரும் சேர்ந்து இழுப்பதால் அது விரைவிலே தேயும். மாதம் ஒரு முறை அளந்து பார்ப்பது நன்று.

அக்குறணையிற் பெருமழை பெய்தால் பிங்கா ஓயா கரை கடந்து கடைத்தெருவுக்குள் வந்துவிடுவது பத்திரிகை வாசகர்கள் அறிந்த செய்தி. அதே ஓயா அமைதியாக ஓடும் நாட்களில் மகாவலியோடு கலக்கிறது. 1976இல் அமைந்த பொல்கொல்லை அணை மகாவலி நீரின் ஒரு பகுதியைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்துக்கு அனுப்புகிறது. ஆகவே எமதூர் மழைநீரிற் கொஞ்சமேனும் மலையிறங்கி மின்சாரமாகிறது. அம்மின்சாரம் கம்பி வழியே திரும்பி வந்து ஒரு மனிதரை மலையேற்றுகிறது என்று எண்ணி மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததையும் மறக்கலாகாது. மின்கலம் வெறுமையானாலும் மிதித்துச் செல்லக் கூடிய வண்டியே நம்பத் தக்க வண்டி. அந்த வகையிலும் மோட்டாரைத் துணையாகவே வைத்திருப்பது நன்று, எசமானாக்கிவிடக் கூடாது. நீராவி எஞ்சின் காலத்தில் கண்டி நோக்கிச் செல்லும் புகைவண்டிக்கு ரம்புக்கனையிற் பின்னாலிருந்து தள்ளும் மற்றோர் எஞ்சினைப் பூட்டுவர். மேடு முடிந்ததும் அது கழன்று தன் வழியே போய்விடும். எமது மோட்டாருக்கும் அதுவே உத்தியோகம்.

ஆயுத பூசை முடிந்த மறுநாள், நெற்றிவிளக்கிற் சந்தனப் பொட்டோடு வண்டி மேட்டுக்குப் புறப்பட்டது. நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தாயார் ஒழுங்கையின் உச்சியில் நின்றார். தந்தை சிறு கியரிற் சங்கிலியை மாற்றி, மெல்ல மிதித்துக்கொண்டு ஏறினார். மோட்டார் வண்டு ரீங்கரிப்பதுபோல் இரைந்தது. பாதி வழியில் ஒரு திருப்பம். மேட்டின் மிகச் செங்குத்தான இடம் அது. மரக்கறிப் பெட்டியோடு நித்தமும் இறங்கித் தள்ளிய இடம். அங்கே வந்ததும் தந்தை பிறேக்கைப் பிடித்துக் கீழே இறங்கிவிட்டார்.

நாம் பதறி ஓடினோம். வலியா என்று கேட்டோம். அவர் எம்மையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒன்றுமில்லை சேர். கால் தன்பாட்டில் இறங்கிவிட்டது" என்றார். மீண்டும் ஏறியமர்ந்து, இறங்காமலே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் இன்னும் மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்கிறார். மருந்தை மோட்டார் நீக்கிவிடவில்லை. மகன் இப்போது வேறொரு வீட்டாருக்காக இரண்டாவது வண்டிக்குக் கணக்குப் போடுகிறான். அதில் 250 வாற்றா, ஆயிரம் வாற்றா என்ற கேள்வி எழவில்லை. தாளின் முதல் வரியில் அவன் எழுதியிருப்பது மின்கலத்தின் பாதுகாப்புச் சுற்று. அதனைக் கண்டபோது, எமக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பெண் எவ்வளவு என்பதும் எமக்கு விளங்கிற்று.